மூச்சொலியைக் கணினியில் செய்து கற்பித்தல்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நெஞ்சக வார்டு கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். "பைலேட்டரல் ஏர் என்ட்ரி ஈக்வல், என்.வி.பி.எஸ்., நோ ஆடட் சவுண்ட்ஸ்." இரண்டு பக்கமும் காற்று சமமாகப் போகிறது, மூச்சொலி இயல்பாக இருக்கிறது, கூடுதல் சத்தம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எங்கள் மாவட்டத்தில் ஒரு போதனா மருத்துவமனையில் பாடம் நடத்தும் நெஞ்சக மருத்துவர் ஒருவர், இந்த வரி எழுதப்பட்ட நோயாளிகளை ரவுண்ட்ஸில் தாமே கேட்டுப் பார்த்தார். சிலருக்கு முதுகின் அடிப்பகுதியில் கிராக்கிள், அதாவது மூச்சோடு கேட்கும் சிறு சிறு வெடிப்பொலி, இருந்தது. வார்டில் எல்லோரும் 'கிரெப்ஸ்' என்பார்களே, அதுதான். மாணவர்கள் கேட்காமல் எழுதிவிடவில்லை. ஸ்டெத்தை வைத்தார்கள், மூச்சு இழுக்கச் சொன்னார்கள், கவனித்தார்கள். ஆனாலும் அது அவர்கள் காதில் விழவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் பதிவு செய்த ஒலிகளைக் கேட்டுப் பழகியவர்கள். வகுப்பில் போட்டுக் காட்டினால் கிராக்கிள், வீஸ் (இழுப்பின் விசில் போன்ற ஒலி), ஸ்ட்ரைடர் (தொண்டைப் பக்க அடைப்பில் வரும் கரகரப்பு) எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார்கள். வகுப்பில் கேட்கிற காது வார்டில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. நான் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துபவன். மருத்துவர் என்னிடம் கேட்டது சுருக்கமானது. "சார், இந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர்லயே செய்ய முடியுமா? கூட்டணும்னா கூட்டணும், குறைக்கணும்னா குறைக்கணும். பதிவு பண்ணினதுல அது நடக்காது."

வார்டும் வகுப்பும்

குமரி சின்ன மாவட்டம். ஆனால் நெஞ்சக வார்டுக்குள் நுழைந்தால் எல்லாத் தொழிலும் அங்கே படுத்திருக்கும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல் தொழிலாளி, குலசேகரத்துக்கு மேலே ரப்பர் வெட்டுகிறவர், முந்திரி ஆலையில் வறுக்கும் பிரிவில் வேலை பார்த்த பெண், கயிறு திரித்தவர், செங்கல் சூளைக்காரர். போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். மழை பிடித்துவிட்டால் ஓ.பி.யில் இழுப்போடு வருகிறவர்களின் வரிசை நீண்டுவிடும். அதாவது, கற்றுக்கொள்ள வேண்டிய ஒலிகளுக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் நோயாளியின் மூச்சுக்குத்தான். ஒரு பாட்டாவின் (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) முதுகில் ஒரு மாணவர் பின் ஒரு மாணவராக ஸ்டெத் வைத்து, ஒவ்வொருவரும் "நல்லா இழுத்து விடுங்க" என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த அன்று அந்தப் பாட்டா நடுவில் கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, "எத்தன தடவ மக்கா இழுக்கணும்? தல சுத்துது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆழமாகத் தொடர்ந்து மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றத்தான் செய்யும். நுரையீரல் கெட்டவருக்குக் களைப்பும் சேர்ந்துகொள்ளும். 2019 முதல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஸ்கில் லேப் பயிற்சியை வலியுறுத்துவது இதுபோன்ற காரணங்களால்தான். ஸ்கில் லேபுக்கு நெஞ்சொலி கேட்கும் பொம்மைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. விலையோ லட்சங்களில். அதனுள்ளும் இருப்பது பெரும்பாலும் பதிவு செய்த ஒலிகளே.

பதிவு செய்த ஒலியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 2017-ல் ஐ.சி.பி.எச்.ஐ. என்ற மருத்துவத் தகவலியல் மாநாட்டுப் போட்டிக்காக வெளியிடப்பட்ட தொகுப்பில் போர்ச்சுகல், கிரீஸ் நாடுகளில் 126 பேரிடம் எடுத்த 920 பதிவுகள் உண்டு. எந்த மூச்சில் கிராக்கிள், எந்த மூச்சில் வீஸ் என்று குறித்தும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் செய்த ஒலி நிஜத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்க்க அந்தப் பதிவுகளைத்தான் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். ஆனால் ஒரு பதிவிடம் "கொஞ்சம் மெதுவாக மூச்சு விடு" என்று சொல்ல முடியாது. கிராக்கிளை மட்டும் பாதியாகக் குறைத்து, மூச்சை அப்படியே வைத்துக்கொள் என்றும் சொல்ல முடியாது. கூடவே, பாடத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் பதிவு பெரும்பாலும் தெளிவானதாகவே இருக்கும். வார்டில் வருவது தெளிவில்லாதது.

ஒலியைச் செய்த விதம்

பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதினோம். நம்பை, சைபை என்ற இரண்டு இலவசத் தொகுப்புகள் போதும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மூச்சின் காற்றோட்டக் கோடு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி. உள்மூச்சில் காற்றின் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வெளிமூச்சில் சட்டென்று ஏறி நீளமாகச் சரியும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. இந்தக் கோடு முதலில், ஒலி பிறகு.

இயல்பான மூச்சொலி என்பது பெரிய, நடுத்தரக் காற்றுக்குழாய்களில் காற்று சுழன்று போவதால் பிறக்கும் இரைச்சல். நுரையீரலும் நெஞ்சுச் சுவரும் அதன் உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுவதால், முதுகில் கேட்கும்போது சக்தியில் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வேகமாகச் சரிகிறது. ஆகவே எல்லா அதிர்வெண்ணும் சம அளவில் கலந்த வெள்ளை இரைச்சலை எடுத்து, அதே போலச் சரியும் ஒரு ஃபில்டர் வழியே விட்டு, காற்றோட்டக் கோட்டோடு பெருக்கினால் மூச்சு வந்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஒலி இரண்டு மடங்கைவிட அதிகமாகக் கூடும். இதை விட்டுவிட்டு நேர்விகிதமாக வைத்தால் கேட்க மூச்சு மாதிரியே இருக்காது, பம்ப் அடிப்பது மாதிரி இருக்கும். வெளிமூச்சின் ஒலி பிறப்பது இன்னும் நடுப்பகுதியில், முதுகிலிருந்து தள்ளி என்பதால் அதை அடக்கி வைக்க வேண்டும். நிமோனியாவில் கெட்டிப்பட்ட நுரையீரலுக்குப் ஃபில்டரைத் திறந்துவிட்டு, வெளிமூச்சை உள்மூச்சுக்குச் சமமாக உயர்த்தி, நடுவில் ஒரு இடைவெளி வைத்தால் பிராங்கியல் ஒலி. மருத்துவர் முதல் தடவை கேட்டதும் தலையாட்டியது இதற்குத்தான்.

கிராக்கிள் வேறு ரகம். மூடியிருந்த சிறு காற்றுக்குழாய் சட்டென்று திறக்கும்போது எழும் மிகச் சிறிய வெடிப்பு அது. 1977-ல் அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் மர்ஃபியும் உடன் உழைத்தவர்களும் ஒலி அலையைக் கால அளவில் நீட்டி வரைந்து காட்டியபோதுதான் அதன் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் வளைவு ஒடுக்கமாக இருக்கும், அடுத்தடுத்த வளைவுகள் அகன்றுகொண்டே போய் அடங்கும். மெல்லிய வகையான ஃபைன் கிராக்கிளில் முதல் வளைவின் அகலம் சுமார் 0.7 மில்லிசெகண்ட், முதல் இரண்டு சுழற்சிகளும் சேர்ந்து 5 மில்லிசெகண்ட். கனத்த வகையான கோர்ஸ் கிராக்கிளில் அவை 1.5, 10 மில்லிசெகண்ட். நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கும் தொலைபேசித் தரத்தில் அந்த 0.7 மில்லிசெகண்டுக்கு ஐந்தாறு புள்ளிதான் கிடைக்கும். 44,100-ல் 30 புள்ளி கிடைக்கும். அதனால் எல்லாவற்றையும் 44,100-லேயே செய்தோம்.

ஒரே கிராக்கிளை நகலெடுத்துச் சம இடைவெளியில் ஒட்டினால் அது கடிகாரச் சத்தம். ஒவ்வொன்றின் உயரத்தையும் அகலத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, இடைவெளியைத் தாறுமாறாக்கியதும் உயிர் வந்தது. எந்த நேரத்தில் வருகிறது என்பது நோயைப் பொறுத்தது. நாத், கேப்பல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-ல் எழுதியபடி, கடுமையான காற்றுக்குழாய் அடைப்பில் கிராக்கிள் உள்மூச்சின் தொடக்கத்தில் வரும். நுரையீரல் இறுகும் ஃபைப்ரோசிஸ் போன்றவற்றில் கடைசியில் வரும். எனவே தொடக்கம், நடு, கடைசி என்று நகர்த்தும் வசதி வைத்தோம்.

மருத்துவருக்கு மிகவும் பிடித்த திருகு வேறொன்று. மூச்சின் சத்தத்துக்கும் கிராக்கிளின் சத்தத்துக்கும் உள்ள விகிதத்தை டெசிபலில் கூட்டிக் குறைப்பது. கேள்வித்தாள் போல வரிசையாகக் கோப்புகள் செய்தோம். அவற்றில் கணிசமானவற்றில் கிராக்கிளே கிடையாது. எல்லாவற்றிலும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மாணவர் ஒவ்வொன்றுக்கும் "இருக்கு" என்றே சொல்வார். அந்தப் பழக்கம் வார்டுக்குப் போனால், இல்லாத நோய்க்கு எக்ஸ்ரே எடுப்பதில் போய் முடியும்.

லேப்டாப் ஸ்பீக்கரில் நடந்தது

முதல் சுற்றில் ஹவுஸ் சர்ஜன்களும் நர்சிங் மாணவிகளும் ஒரு வகுப்பறையில் லேப்டாப்பிலேயே கேட்டார்கள். அருமையாகச் சொன்னார்கள். விகிதத்தை நன்றாகக் குறைத்த பிறகும் "லேட் இன்ஸ்பிரேட்டரி கிரெப்ஸ்" (உள்மூச்சின் கடைசியில் கிரெப்ஸ்) என்று தயங்காமல் எழுதினார்கள். வார்டில் கோட்டைவிட்டவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்து, நல்ல ஹெட்போன் மாட்டி அதே கோப்புகளை அதே ஆட்களுக்குப் போட்டோம். பலருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கருவியில் கேட்டால் குறைவாகக் கேட்கிறது! எனக்கு இது விளங்கவே இல்லை.

விடையைப் பிடித்தவர் மருத்துவர்தான். லேப்டாப்பை மறுபடி ஓடவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனவர், "சார், கிரெப்ஸ் இருக்கு, மூச்சைக் காணோமே" என்றார். உண்மைதான். சின்ன ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் அசைக்க முடியாது. இயல்பான மூச்சொலியின் பெரும்பகுதி அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. ஃபைன் கிராக்கிளோ 650 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பதால் தப்பித்து வந்துவிடுகிறது. அதாவது லேப்டாப், கிராக்கிளை மூடி நிற்கும் மூச்சைத் துடைத்தெறிந்துவிட்டுக் கிராக்கிளை மட்டும் மாணவருக்குக் கொடுக்கிறது. வார்டில் அவரே போய் அந்த மூச்சை விலக்கிக் கேட்க வேண்டும். அந்த வேலையை வகுப்பில் அவர் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

ஓர் ஒலி இன்னொன்றை மூடும் இதே முகமூடித்தன்மையைக் கியோகாவா, பாஸ்டர்காம்ப் முதலான ஆய்வாளர்கள் 2001-லேயே சோதித்திருக்கிறார்கள். உண்மையான மூச்சொலியின் மேல் கணினியில் செய்த கிராக்கிளைப் பதித்து மருத்துவத் துறையினரைக் கேட்கவைத்தார்கள். மூச்சின் சத்தம் கூடினால் தவறவிடுவது கூடியது. கோர்ஸைவிட ஃபைன் எளிதாகப் பிடிபட்டது. தேர்ந்த காதுக்கே அப்படி என்றால், லேப்டாப்பில் படித்த மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? சின்ன ஸ்பீக்கர், செல்போன், ஹாலின் ஒலிபெருக்கி என்று மூச்சொலி வகுப்பு நடக்கிற இடங்களையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

வேகமும் விரிவும்

ஹெட்போனுக்கு மாறிய பிறகு, மூச்சின் சத்தம் கிராக்கிளை மூடுகிறதென்றால் நோயாளியை எப்படி மூச்சுவிடச் சொல்வது என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் மருத்துவரிடம் கேட்டார். "பலமா இழுக்கச் சொன்னாதான மேடம் கிரெப்ஸ் வரும்? பலமா இழுத்தா மூச்சு சத்தமும் கூடுமே?" இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றும் கேள்வி இதுதான்.

அதுவரை எங்கள் நிரலில் கிராக்கிள் கடிகாரத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. உள்மூச்சு தொடங்கி இத்தனையாவது நொடியில் என்று கொடுத்திருந்தோம். உடம்பில் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட காற்றுக்குழாய் திறப்பது நுரையீரல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு விரிந்ததும்தான். மூச்சுக்கு மூச்சு ஏறக்குறைய அதே விரிவில், அதே அழுத்தத்தில் அது திறக்கிறது. இரைச்சல் வருவதோ காற்றின் வேகத்தால். விரிவு வேறு, வேகம் வேறு. கோட்டில் ஒவ்வொரு கணத்திலும் உள்ள வேகத்தை ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் மொத்தம்தான் விரிவு. எனவே நிரலை மாற்றி, ஒவ்வொரு கிராக்கிளுக்கும் நேரத்துக்குப் பதிலாக ஒரு விரிவு அளவைக் கொடுத்தோம்.

அதன்பின் திரையில் மூச்சின் ஆழத்துக்கு ஒரு திருகு, வேகத்துக்கு ஒரு திருகு. மாணவர்கள் தாங்களே நகர்த்திப் பார்த்தார்கள். மேலோட்டமாக மெதுவாக மூச்சுவிடும் நோயாளியில் ஒன்றுமே கேட்காது, ஏனென்றால் குழாய் திறக்கிற அளவுக்கு நுரையீரல் விரியவே இல்லை. அவசரமாக ஆழமாக இழுத்தால் கிராக்கிள் வரும், ஆனால் இரைச்சலுக்கு அடியில் போய்விடும். ஆழத்தை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் குறைத்ததும், உள்மூச்சின் கடைசியில் கிராக்கிள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே ஒரு மாணவி பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டி, "இங்க பாரு, மெதுவா வச்சதும் வருது" என்றாள்.

'வாயைத் திறந்து, மெதுவாக, ஆழமாக' என்று பாடப்புத்தகத்தில் எப்போதும் இருக்கிறது. அது ஏன் என்று மாணவர்கள் தங்கள் கையாலேயே திருகித் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். கணினி ஒலி நிஜத்தைவிட நன்றாக இருக்கப் போவதில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணத்தை மாற்றி, காதில் என்ன மாறுகிறது என்று கேட்க விடுகிறது. நோயாளியிடமும் இது நடக்காது, பதிவிலும் நடக்காது.

வார்டில் இதன் பலன் சத்தமில்லாமல் தெரிந்தது. முன்பெல்லாம் "இழுத்து விடுங்க, இழுத்து விடுங்க" என்று வேகப்படுத்தியவர்கள், "பாட்டா, அவசரம் வேண்டாம். வாயத் தொறந்து மெல்ல மெல்ல நெறய இழுங்க. போதும், இனி சும்மா இருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று நல்ல மூச்சிலேயே வேலை முடிந்துவிட்டதால் கட்டிலில் இருப்பவருக்கும் நிம்மதி.

அடங்கிய நெஞ்சு

வீஸ் செய்வது ஒப்பீட்டில் எளிது. ஒடுங்கிய குழாயின் சுவர் காற்றில் அதிர்வதால் வரும் இசை போன்ற ஒலி என்பதால், 400 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சைன் அலை, அதன் மேல் ஓரிரு மடங்கு அதிர்வெண்கள், சுருதியில் சிறு அலைவு, 100 மில்லிசெகண்டுக்கு மேல் நீளம் என்று வைத்தால் போதும். ஆஸ்துமாவில் போலப் பல சுருதி ஒன்றாகக் கேட்பதையும், ஒரே இடத்தில் ஒரே சுருதி விடாமல் கேட்பதையும் தனித்தனியாகச் செய்தோம். இரண்டாவது வகை ஒற்றைக் குழாயில் அடைப்பைக் காட்டலாம். கட்டியோ, குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்ட நிலக்கடலையோ.

இந்தத் திருகுகளை வைத்து மருத்துவர் நடத்திய ஒரு வகுப்பு என் மனதைவிட்டுப் போகாது. கடும் இழுப்பு ஒலியைப் போட்டார். குழாய் ஒடுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காற்றோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வீஸ் மெலிந்தது, அப்புறம் நின்றேவிட்டது. "இப்ப எப்படி இருக்கு?" என்றார். ஒரு நர்சிங் மாணவி, "இழுப்பு குறைஞ்சிட்டு மேடம்" என்றாள். மருத்துவர் திரையில் காற்றோட்டக் கோட்டைக் காட்டினார். கிட்டத்தட்டத் தரையோடு தரையாக இருந்தது. வகுப்பு அப்படியே உறைந்துபோனது.

ஆஸ்துமா முற்றி, வீஸ் எழுப்பக்கூடக் காற்று போகாத நிலைக்கு 'சைலன்ட் செஸ்ட்' என்பார்கள். சாவுக்கு மிகப் பக்கத்திலிருக்கும் நிலை. காதை மட்டும் நம்பினால் தேறிவிட்டார் என்று தோன்றும். நோயாளியால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, மயக்கமாக இருக்கிறாரா, ஆக்சிஜன் அளவு என்ன என்று பார்க்காமல் விட்டால் முடிந்தது. அப்படியொரு நோயாளியைச் சுற்றி மாணவர்களை நிறுத்திப் பாடம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பிறகு மருத்துவர் காற்றோட்டத்தை மெதுவாக ஏற்றினார். வீஸ் திரும்ப வந்தது. நெபுலைசர் கொடுத்தபின் சத்தம் கூடினால் பயப்படாதீர்கள், காற்று போகத் தொடங்கியிருக்கலாம் என்று விளக்கினார். இந்த ஒரு வகுப்புக்காகவே இந்த நிரலை எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஸ்டெத் வைக்க ஒரு பெட்டி

ஹெட்போனில் கற்றுக்கொள்ளலாம், ஸ்டெத் பிடிக்கப் பழக முடியாது. அதனால் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, மேல் பார்த்தபடி ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பொருத்தினோம். கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும் வகைதான், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இறங்கும். அதற்கு மேல் ஃபோம், அதன் மேல் ரெக்சின். மாணவர் தன் சொந்த ஸ்டெத்தை அதில் வைத்துக் கேட்பார். ஒவ்வொரு ஸ்டெத்துக்கும் ஒரு குரல் உண்டு. மின்னணு ஸ்டெத்தில் பதிவு செய்த ஒலியைப் பெட்டியில் போட்டு இன்னொரு ஸ்டெத்தில் கேட்டால், அந்தக் குரல் இரண்டு முறை ஏறிவிடும். நாங்கள் செய்த ஒலி நெஞ்சுச் சுவரில் இருக்க வேண்டிய ஒலி. ஸ்டெத்தின் குரல் ஒரு முறைதான் சேரும். ஹெட்போனுக்குத் தருவதில் மட்டும் அந்தக் குரலையும் நிரலிலேயே சேர்த்துவிடுகிறோம்.

சத்த அளவை முடிவு செய்ய மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியமான தோழனின் முதுகில் ஒரு முறை, பெட்டியில் ஒரு முறை என்று மாறி மாறிக் கேட்டு, இரண்டும் ஒன்றாகத் தோன்றும்வரை குறைத்தோம். எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். நிஜ மூச்சொலி அவ்வளவு மெல்லியது.

வார்டுச் சத்தத்தையும் சேர்த்தோம். ஆனால் பெட்டி வழியாக அல்ல, அறையின் மூலையில் வைத்த தனி ஸ்பீக்கரில். மின்விசிறி, டிராலி, பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருக்கும் உறவினரின் போன் எல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து வருவதில்லை, காற்றில்தான் வருகின்றன. மழை நாட்களில் ஷீட் கூரை அந்த வேலையைத் தானாகவே செய்தது.

பெட்டி வந்ததும் புதிதாக ஒன்று தெரிந்தது. கிராக்கிளே இல்லாத கோப்பில் சிலர் விடாமல் "இருக்கு" என்றார்கள். கவனித்தால், ஸ்டெத்தைத் தளர்வாகப் பிடித்திருந்தார்கள். ரெக்சின் மேல் அது நகரும்போது வரும் உரசல் அச்சு அசலாக ஃபைன் கிராக்கிள். சட்டைக்கு மேலே கேட்டாலும் இதுதான் நடக்கும், நெஞ்சு முடியிலும் இதுதான். முடியைக் கொஞ்சம் ஈரப்படுத்தி, ஸ்டெத்தை அழுத்திப் பிடித்தால் போய்விடும். இருப்பதைத் தவறவிடுவது, இல்லாததைக் கேட்பது என்ற இரண்டு பிழையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது, கோப்பில் என்ன இருக்கிறது என்று நமக்கு ஐயமின்றித் தெரிந்ததால்தான்.

மாறியதும் மாறாததும்

கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்திய சோதனையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பங்கெடுத்தவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள், மதிப்பெண் கிடையாது. எனவே இத்தனை சதவீதம் கூடியது என்று எதையும் சொல்லப் போவதில்லை. மருத்துவர் கேஸ் ஷீட்டில் கண்ட மாற்றத்தைச் சொல்லலாம். கிராக்கிள் என்று எழுதுகிறவர்கள் உள்மூச்சின் எந்தப் பகுதியில் என்று எழுதுகிறார்கள். இருமச் சொன்ன பிறகு மாறியதா என்று எழுதுகிறார்கள். கோர்ஸ் கிராக்கிள் இருமலில் மாறக்கூடும், ஃபைன் பெரும்பாலும் மாறாது என்பதால் அது முக்கியம். சந்தேகமாக இருந்தால் வழக்கமான வரியை எழுதாமல், "மேடம், ஒரு தடவ கேட்டுப் பாருங்க" என்று கூப்பிடுகிறார்கள். மருத்துவர் இதைத்தான் பெரிய வெற்றியாகச் சொல்கிறார்.

பெட்டியில் நன்றாகச் செய்தும் பருமனான நோயாளிகளில் தடுமாறுகிறவர்கள் இன்னும் உண்டு. கொழுப்பு அடுக்கு ஒலியை எப்படிக் குறைக்கிறது என்பதைப் ஃபோமின் தடிமனை மாற்றி ஓரளவுக்குத்தான் காட்ட முடிகிறது. நுரையீரல் உறை உரசும் ஒலி எங்களுக்கு இதுவரை திருப்தியாக வரவில்லை. குழந்தைகளின் மூச்சை வேகத்தைக் கூட்டி மட்டும் செய்துவிட முடியாது. சின்ன நெஞ்சில் உயர்ந்த அதிர்வெண்கள் அதிகமாக வெளியே வரும், ஃபில்டரையே மாற்ற வேண்டும். அதற்குக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடது முதுகில் இதயத் துடிப்பு மூச்சுக்குள் கலப்பதைச் சேர்த்துவிட்டோம். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் இடது வலது ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு பக்கம் நீர் கோத்து மூச்சொலி குறைந்திருப்பதைக் காதால் கண்டுபிடிக்க ஒப்பிடுவதுதான் முக்கியமான வழி. இரண்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி அடுத்த வேலையாக இருக்கிறது.

வேறு கல்லூரிகளில் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கோப்புகளைச் செல்போன் செய்திச் செயலிகளில் ஆடியோவாக அனுப்ப வேண்டாம். அளவைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் சுருக்கத்தில் 5 மில்லிசெகண்ட் கிராக்கிளின் முனை மழுங்கிவிடக்கூடும். சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பென்டிரைவில் கொடுங்கள், இல்லையென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இன்னொன்று, கிராக்கிள், வீஸ் பக்கமே முதலில் போகாதீர்கள். இயல்பான மூச்சை மட்டும் செய்து, பெட்டியில் வைத்துக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரின் முதுகோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.